சீனத்தைப் பார்த்தவரும் சீனத்தைக் காட்டியவரும்

1665ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு தடித்த புத்தகம் விற்பனைக்கு வந்தது. மடியில் வைத்துப் படிக்க முடியாத ஃபோலியோ அளவு. உள்ளே நூற்றைம்பது செப்புத்தகட்டுப் படங்கள். தலைப்பே ஒரு பக்கத்தை நிறைத்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பேரரசரிடம் அனுப்பிய தூதின் வரலாறும், அந்தப் பேரரசின் நகரங்கள், ஆட்சிமுறை, சமயங்கள், மரஞ்செடிகள், விலங்குகள் பற்றிய விவரங்களும் என்பது தலைப்பின் சாரம். எழுதியவர் யோஹான் நியூஹாஃப். புத்தகம் கைமாறிக் கைமாறிப் புரட்டப்பட்ட அந்த நாளில் அவர் ஐரோப்பாவிலேயே இல்லை. கொல்லம், தூத்துக்குடி, இலங்கை என்று நம் கடற்கரைகளில் கம்பெனிக்காக மிளகும் முத்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒற்றசேகரமங்கலத்தில் இருந்துகொண்டு யோசிக்கும்போது இது தூரத்துக் கதையாகத் தெரிவதில்லை. நெய்யாறு மலையை விட்டிறங்கி, மண்டபத்தின்கடவு தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறில் கடல் சேர்கிறது. இந்தக் கரையோரக் கிராமங்களில் இன்று கண்ணுக்குத் தெரிவது ரப்பரும் மரச்சீனியும்தான். ஆனாலும் வீட்டுப் பறம்பில் ஒரு பலாவிலோ முருக்கிலோ நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கும். ரப்பர் வருவதற்கு முன்னால் இந்த மலையடிவாரத்தைக் கடலோடும், கடல் கடந்த கணக்குப் புத்தகங்களோடும் இணைத்தது அந்தக் கொடிதான். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தது. நியூஹாஃப் வந்த நாளில் கோடு எதுவும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வேணாடு, அதை அவர் திருவிதாங்கூர் என்று எழுதினார்.

ஆளைப் பற்றி முதலில். நியூஹாஃப் 1618இல் இன்றைய ஜெர்மனியின் டச்சு எல்லையோரம் இருக்கும் ஊல்சென் என்ற ஊரில் பிறந்தவர். அவரும் ஓர் எல்லைக்காரர்தான். 1640இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து பிரேசில் போனார். ஒன்பது ஆண்டுகள் அங்கே. போர்த்துகீசியர் கை ஓங்கியதும் திரும்பி வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய பதவிக்காரர் அல்ல. படம் வரையத் தெரிந்தவர், எதையும் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவர். அந்த இரண்டும்தான் அவரைச் சீனத்துக்கு இட்டுச் சென்றன.

1644இல் மிங் வம்சம் விழுந்து மஞ்சூக்கள் பெய்ஜிங்கைப் பிடித்திருந்தார்கள். அதற்கு முன் சீனக் கதவு டச்சுக்காரருக்குத் திறந்ததில்லை; மக்காவ் போர்த்துகீசியரிடம் இருந்தது. புது ஆட்சி வந்தால் புது உத்தரவு கிடைக்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. பீட்டர் தெ கோயர், யாக்கோப் தெ கெய்சர் என்ற இரு வணிகர்களைத் தூதர்களாக்கி 1655 ஜூலையில் பத்தேவியாவிலிருந்து அனுப்பினார்கள். நியூஹாஃப் அந்தக் குழுவின் உக்கிராண மேலாளர்: சாப்பாடு, தங்குமிடம், வரவேற்பு ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே இன்னொரு கட்டளையும் இருந்தது. வழியில் காணும் நகரங்கள், ஊர்கள், அரண்மனைகள், ஆறுகள், கோட்டைகள் அனைத்தையும் உள்ளது உள்ளபடி வரைந்து கொண்டுவர வேண்டும். கம்பெனி முதலாளிகள் கலை ஆர்வத்தால் இதைக் கேட்கவில்லை. எந்த ஆற்றில் எவ்வளவு பெரிய படகு போகும், எந்த மதில் இடிந்து கிடக்கிறது, எந்தச் சந்தையில் என்ன விற்கிறது என்பது தெரிந்தால் வியாபாரத்துக்கு உதவும்.

கான்டன் நகரில் மாதக்கணக்கில் காக்கவைத்தார்கள். அங்கே நடந்த ஒரு விருந்தில் தேயிலைக் கஷாயத்தில் சூடான பாலும் கொஞ்சம் உப்பும் கலந்து கொடுத்ததை நியூஹாஃப் எழுதியிருக்கிறார். பால் சேர்த்த தேநீரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாழ்கிற நமக்கு, இருநூறு பக்கச் சீன வர்ணனையைவிட இந்த ஒரு வரி சுவாரசியம் என்றால் தப்பில்லை.

1656 மார்ச்சில் கான்டனை விட்டுப் புறப்பட்டார்கள். ஆற்று வழியாக வடக்கே போய், மெய்லிங் கணவாயை நிலவழியில் கடந்து, மறுபடி கான் ஆற்றில் இறங்கி, யாங்சியில் சேர்ந்து, நான்ஜிங் பார்த்து, பெருங்கால்வாயில் ஏறி, ஜூலையில் பெய்ஜிங் சேர்ந்தார்கள். நான்கு மாதங்கள் பெரும்பாலும் படகிலேயே. நியூஹாஃபின் கைக்கு வேலை ஓயவில்லை. போர் மிதித்துப் போன நாடு அது. பாதி வீடுகள் கரிந்த நகரங்களையும், ஆள் இல்லாத சிற்றூர்களையும், கயிறு கட்டிப் படகை இழுத்துச் செல்லும் கூலிகளையும், அவர்கள் முதுகில் விழும் அடியையும் அவர் குறித்திருக்கிறார்.

பெய்ஜிங்கில் காரியம் கைகூடவில்லை. அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தவர் ஆதாம் ஷால் என்ற ஜெர்மானிய ஏசு சபைப் பாதிரியார். பேரரசின் வானியல் துறைக்குத் தலைவர். கத்தோலிக்கரான அவர் புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர்களைக் கடற்கொள்ளைக்காரர்கள் என்றே சொல்லிவைத்தார். அதே நேரம் ரஷ்யாவிலிருந்து பைகோவ் என்ற தூதர் வந்திருந்தார். மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தரையில் பட வணங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அவர் இணங்கவில்லை; பேரரசரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். டச்சுக்காரர்கள் வணிகர்கள். தலை வணங்குவதில் நஷ்டம் இல்லை என்று வணங்கினார்கள். அக்டோபரில் தரிசனம் கிடைத்தது. தூரத்தில் பதினெட்டு வயது ஷுன்ஜி பேரரசர். பேச்சு எதுவும் இல்லை. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை நூறு பேருக்கு மேற்படாமல் வந்து போகலாம் என்பதே கிடைத்த உத்தரவு. கடைவிரிக்க அனுமதி கேட்டுப் போனவர்களுக்கு, எட்டு ஆண்டு கழித்து மறுபடி காணிக்கை கொண்டுவரும் பாக்கியம் கிடைத்தது.

கம்பெனிக்கு அது நஷ்டப் பயணம். 1657இல் பத்தேவியா திரும்பினார்கள். 1658இல் நியூஹாஃப் ஹாலந்து போனார். தன் குறிப்பேட்டையும் படங்களையும் தம்பி ஹெண்ட்ரிக்கிடம் கொடுத்துவிட்டு அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடி கிழக்கே கப்பலேறினார். புத்தகத்தின் தனி வாழ்க்கை தொடங்குவது இங்கேதான். கண்ணால் பார்த்தவர் கையை விட்டு அது போய்விட்டது.

அடுத்த ஆறேழு ஆண்டுகளில் இரண்டு கைகள் அதில் வேலை செய்தன. ஒன்று ஹெண்ட்ரிக். அண்ணனின் பயணக் குறிப்பு மட்டும் ஒரு பெருநூலுக்குப் போதாது என்று, சீனத்தைப் பற்றி ஏசு சபையினர் எழுதியிருந்த நூல்களிலிருந்து, குறிப்பாக மார்ட்டினோ மார்ட்டினியின் 1655ஆம் ஆண்டு நிலப்படத் தொகுப்பிலிருந்து, நிறைய எடுத்துச் சேர்த்தார். ஷால் பாதிரியார் வாசலில் தடுத்த டச்சுத் தூதின் புத்தகம், அவருடைய சபையினரின் அறிவைக் கொண்டே கனத்தது. இன்னொரு கை யாக்கோப் வான் மெர்ஸ். தகடு செதுக்கவும் தெரிந்த பதிப்பாளர். வாசகருக்கு எது பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் டாப்பரின் ஆப்பிரிக்கா, மொன்டானுசின் ஜப்பான் என்று உலகத்தையே படப் புத்தகங்களாக்கி விற்றவர் அவர். அவருடைய ஆசிரியர்களில் சிலர் ஹாலந்தை விட்டு வெளியே போகாதவர்கள். வரலாற்றாசிரியர் பெஞ்சமின் ஷ்மிட் 2015இல் வெளியிட்ட தன் நூலில் இந்தப் பட்டறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நியூஹாஃப் வரைந்த படங்கள் ஏறக்குறைய எண்பது. அச்சில் வந்தவை நூற்றைம்பது. மீதம் பட்டறையில் பிறந்தவை. இருந்தவற்றிலும் மெருகு ஏறியது. நியூஹாஃபின் மைக்கோடுகளில் ஆறு, கரை, மதில், தூரத்தில் ஒரு கோபுரம் என்று வெறுமையாகக் கிடந்த இடங்களில் தென்னை மாதிரி மரங்கள் முளைத்தன. முன்னால் குடை பிடித்த ஆட்களும் வித்தைக்காரர்களும் வந்து நின்றார்கள். முகப்புப் படத்தில் பேரரசர் ஓர் உலக உருண்டையின்மேல் கை வைத்து அமர்ந்திருக்கிறார். காலடியில் கழுத்தில் பலகை மாட்டிய கைதிகள். நியூஹாஃப் பார்த்ததோ தூரத்தில் அசையாமல் அமர்ந்திருந்த ஓர் இளைஞரை.

இதை மோசடி என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவில் அதுவரை சீனத்தைப் பற்றி வந்த படங்களில் பெரும்பாலானவை எவரும் பார்க்காமல் வரைந்தவை. இந்தப் புத்தகத்தின் அடியில் ஒரு மனிதர் படகில் உட்கார்ந்து, கண் எதிரே இருந்ததை வரைந்த கோடு உண்மையாகவே இருந்தது. அதன்மேல் எவ்வளவு பூச்சு ஏறியது என்பதுதான் கேள்வி. அதை அளந்து பார்க்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

புத்தகம் ஓடிய ஓட்டம் வேகமானது. அதே 1665இல் பிரெஞ்சு, 1666இல் ஜெர்மன், 1668இல் லத்தீன். 1669இல் லண்டனில் ஜான் ஓகில்பி ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தார். ஓகில்பி முதலில் நடன ஆசிரியர், பிறகு வெர்ஜிலை மொழிபெயர்த்தவர், பிறகு பதிப்பாளர். 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீயில் அவருடைய புத்தக இருப்பு எரிந்து போனது. அதன்பின் கரையேற அவர் பிடித்துக்கொண்ட கட்டைகளில் ஒன்று இந்தச் சீனப் புத்தகம். படங்களை மறுபடி செதுக்கியவர்களில் வென்சஸ்லாஸ் ஹோலர் என்ற புகழ்பெற்ற கலைஞரும் இருந்தார். ஆக ஆங்கிலேயர் பார்த்த சீனம், நியூஹாஃபின் கையிலிருந்து இரண்டாம் படி தள்ளி வந்தது.

படங்களில் ஒன்று மற்றவற்றையெல்லாம் விஞ்சி நின்றது: நான்ஜிங்கின் பீங்கான் கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோங்லே பேரரசர் காலத்தில் எழுந்த எண்கோணக் கோபுரம் அது. வெள்ளைப் பீங்கான் செங்கல்லும் வண்ண ஓடுகளும், மூலைக்கு மூலை மணிகளும். ஐரோப்பாவில் அப்போது பீங்கான் செய்யும் இரகசியமே யாருக்கும் தெரியாது. ஒரு கிண்ணம் வாங்கவே பிரபுக்கள் யோசிப்பார்கள். ஒரு கோபுரமே பீங்கானால் என்றால் மயக்கம் வராதா? பதினான்காம் லூயி 1670இல் வெர்சாய்ஸ் தோட்டத்தில் நீல வெள்ளை ஓடு பதித்த ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். பெயரே பீங்கான் டிரியனான். அசல் பீங்கான் இல்லை, மண்பாண்ட ஓடுகள். பனியும் மழையும் தாங்காமல் உடைந்துகொண்டே வந்தது, 1687இல் இடித்துவிட்டார்கள். போவே நெசவுப் பட்டறையில் சீனப் பேரரசரின் கதையைச் சொல்லும் திரைச்சீலைகள் நெய்தபோது ஓவியர்கள் முன்னால் விரித்து வைத்திருந்த நூல்களில் நியூஹாஃபுடையது முக்கியமானது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிஷர் ஃபான் எர்லாக் 1721இல் உலகக் கட்டடங்களின் படத்தொகுப்பு போட்டபோதும் சீனப் பகுதிக்கு இதைத்தான் நாடினார்.

உண்மைக் கோபுரத்துக்கு ஒன்பது மாடிகள். சீனத்தில் இத்தகைய கோபுரங்களின் மாடி எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்கும். அச்சான படத்தில் பத்து மாடிகள். லண்டன் கியூ தோட்டத்தில் வில்லியம் சேம்பர்ஸ் 1762இல் கட்டிமுடித்த கோபுரத்துக்கும் பத்து மாடிகள். நியூஹாஃப் புத்தகத்தின் பிழை செங்கல்லாகி நிற்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வார்கள். சேம்பர்ஸ் இளவயதில் கான்டன் போய்வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும்: நேரில் பார்த்த மனிதரையும் புத்தகப் படம் வென்றிருக்கிறது. நான்ஜிங் கோபுரம் 1856இல் தைப்பிங் கலகத்தின்போது தகர்ந்தது. கியூ கோபுரம் இன்றும் நிற்கிறது.

புத்தகம் இப்படி அரண்மனை அரண்மனையாக ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஆசிரியருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இந்தக் கதை நம் ஊருக்குத் திரும்புகிறது.

1661 டிசம்பரில் ரைக்ளோஃப் வான் கூன்ஸ் தலைமையில் டச்சுப் படை கொல்லத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. 1663 ஜனவரியில் கொச்சியும் விழுந்தது. இரண்டு படையெடுப்பிலும் நியூஹாஃப் இருந்தார். பின்பு கொல்லத்தில் கம்பெனியின் தலைவரானார். இடையில் 1662 பிப்ரவரியில் தைவானை டச்சுக்காரர்கள் கொக்ஸிங்கா என்ற சீனத் தளபதியிடம் இழந்திருந்தார்கள். சீன வாசல் மூடிக்கொண்டே போக, மலபார் மிளகின் மேல் கம்பெனியின் கவனம் இறுகியது. போர்த்துகீசியரைத் துரத்திவிட்டால் மட்டும் மிளகு வந்துவிடாது. ஒவ்வொரு சிற்றரசரிடமும் தனித்தனியே பேசி, மிளகு எங்களுக்கு மட்டும் என்று கையெழுத்து வாங்க வேண்டும். 1664இல் அந்த வேலையோடு நியூஹாஃப் ஊர் ஊராகப் போனார்: புறக்காடு, காயங்குளம், கருநாகப்பள்ளிப் பக்கத்தில் மார்த்தா என்று ஐரோப்பியர் குறித்த சிற்றரசு, கொல்லம், திருவிதாங்கூர்.

ஒப்பந்தங்களின் சாரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மிளகும் காட்டுப் பட்டையும் கம்பெனிக்கே விற்க வேண்டும். அபினைக் கம்பெனி தவிர வேறு யாரும் இறக்கக் கூடாது. பெய்ஜிங்கில் தலை தரையில் பட வணங்கி, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற உத்தரவோடு திரும்பிய அதே மனிதர், இங்கே கோட்டையும் பீரங்கியும் பின்னால் இருக்க நிபந்தனை சொல்கிறார். பேரரசு ஒன்று எதிரே நின்றால் கம்பெனி ஒரு மாதிரி, துண்டு துண்டான நாடுகள் என்றால் வேறு மாதிரி. ஆனாலும் கையெழுத்து வேறு, கொடி வளர்க்கிற கை வேறு. மலையடிவாரத்து மிளகு கம்பெனி கிடங்குக்கு மட்டும் போகவில்லை. அதிக விலை கொடுத்தவனுக்கும் போனது. கணவாய் வழியாகப் பொதிமாட்டின் முதுகில் பாண்டிநாட்டுக்கும் போனது. கொச்சி டச்சு அதிகாரிகள் பல பத்தாண்டுகளாக எழுதிய கடிதங்களில் இந்தப் புலம்பல் ஓயவே இல்லை. அந்தக் கடிதங்களும் கணக்குகளும் பெருந்திரளாக இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1911இல் காலெட்டியும் உடன் பணியாற்றியவர்களும் அவற்றில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தார்கள். முடிவாக அந்தப் புலம்பலைத் தீர்த்து வைத்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா: 1741இல் குளச்சலில் கம்பெனிப் படையை முறியடித்து, மிளகு வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே பிடிபட்ட கம்பெனிப் படை அதிகாரி தெ லனாய், மன்னரின் தளபதியாகவே வாழ்ந்து 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறைக்கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது.

நியூஹாஃபுக்கு அப்படி ஓர் இரண்டாம் வாழ்க்கை வாய்க்கவில்லை. கொல்லத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போனார். போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் கைக்கு வந்த துறை அது. முத்துக்குளிப்பைப் பற்றி அங்கே விவரமாக எழுதினார். எழுதியதோடு நின்றாரா என்பதில் கம்பெனிக்குச் சந்தேகம். சொந்தக் கணக்கில் முத்து வாங்கி விற்றார் என்று குற்றம் சாட்டிக் கொழும்பில் சிறை வைத்தார்கள். கம்பெனி ஊழியரில் சொந்த வியாபாரம் செய்யாதவரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் அதற்குள் மூன்று மொழிகளில் பெயர் அச்சேறியிருந்த ஆசிரியர், 1667இல் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டு, வேலை இழந்து ஊர் திரும்பினார். மறுபடி கிழக்கே கப்பலேறியபோது, 1672இல் மடகாஸ்கர் கரையில் தண்ணீர் தேடி உள்ளே போனார். திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குத் தடயமும் கிடைக்கவில்லை.

மறுபடியும் தம்பி ஹெண்ட்ரிக். மறுபடியும் அதே பட்டறை. வான் மெர்ஸ் இறந்திருந்தார், மனைவி நடத்திக்கொண்டிருந்தார். 1682இல் நியூஹாஃபின் பிரேசில், கிழக்கிந்தியப் பயண நூல் வெளிவந்தது. கொல்லமும் திருவிதாங்கூரும் தூத்துக்குடியும் இதில்தான் வருகின்றன. 1704இல் லண்டனில் சர்ச்சில் சகோதரர்கள் வெளியிட்ட பயணநூல் தொகுப்பில் ஆங்கிலமாகி, அங்கிருந்து நாகம் ஐயாவின் 1906ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலுக்கு வந்து, அதிலிருந்து நம் பள்ளி வரலாறுகளுக்குள் கசிந்தது. சீனப் புத்தகம் போனது வெர்சாய்ஸுக்கும் கியூவுக்கும். அதன் இளைய உடன்பிறப்பு வந்தது திருவனந்தபுரத்துக்கு.

மூலக் கையெழுத்துப் பிரதியின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. தம்பியிடம் அண்ணன் கொடுத்தது எது, பட்டறை சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. 1984இல் லியோனார்ட் பிளூசே என்ற டச்சு வரலாற்றாசிரியர் பாரீசில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில், நியூஹாஃபின் சீனப் பயணக் கையெழுத்துப் பிரதியை அடையாளம் கண்டார். எண்பது சொச்சம் படங்களுடன். 1987இல் ஃபால்கன்பர்க் என்ற கலை வரலாற்றாசிரியரோடு சேர்ந்து அதை நூலாக்கினார். அப்போதுதான் அந்த வெறுமையான ஆற்றங்கரைகளும் இடிந்த மதில்களும் முதன்முறையாக அச்சில் வந்தன. தென்னை மாதிரி மரங்கள் பட்டறைச் சரக்கு என்பது உறுதியானது. சீன வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்று பயன்படுவது அந்த எளிய மைக்கோடுகள்தான். ஏலத்தில் விலை போவது 1665ஆம் ஆண்டு ஃபோலியோ.

1682 நூலில் ஒரு படம் கேரளத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. அரியணை மண்டபத்தில் ஓர் அரசி. சுற்றிலும் வாளேந்திய வீரர்கள். எதிரே தொப்பியைக் கழற்றி நிற்கும் ஐரோப்பியர். ஆற்றிங்கல் உமையம்மை ராணி டச்சுத் தளபதியைச் சந்திக்கிறார் என்ற குறிப்போடு கட்டுரைகளிலும் இணையத்திலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. உமையம்மை இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் கதையும் முகிலன் படையெடுப்புக் கதையும் அவரைச் சுற்றித்தான் பின்னப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர் வேணாட்டை ஆண்டது 1677 முதல் 1684 வரை. நியூஹாஃப் படத்திலிருக்கும் அரசியைப் பார்த்தது 1664இல். நூல் அவரைக் கொல்லத்து அரசி என்றே சொல்கிறது: எழுநூறுக்கும் மேற்பட்ட காவல் வீரர், நடுவயது தாண்டிய மாநிறப் பெண், பின்னால் முடிந்த கூந்தல், இடையில் ஒரு துணி, தோளில் அலட்சியமாக ஒரு துணி, நீண்ட காதுகளில் பொன்னும் மணியும், காரியத்தில் தேர்ந்தவர், கம்பீரமானவர். எழுத்தில் இருப்பது இது. படத்தில் இருக்கும் மண்டபமும் திரைகளும் எந்த அளவுக்குக் கொல்லம், எந்த அளவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்று கேட்டால், சீனப் படங்களின் கதை தெரிந்த பிறகு நான் பட்டறையின் பக்கமே சாய்வேன்.

ஆற்றிங்கல் ராணியைப் பற்றி டச்சுக்காரர் எழுதியதும் இருக்கிறது. ஹோர்டுஸ் மலபாரிக்குஸ் என்ற மூலிகைப் பெருநூலை உருவாக்கிய வான் ரீடே, 1677இல் கொச்சித் தலைமைப் பதவியை ஒப்படைக்கும்போது அடுத்தவருக்காக எழுதிவைத்த குறிப்பில், எல்லோரும் அஞ்சி மதிக்கிற, ஆணுக்கு நிகரான திண்மை கொண்டவர் என்று அவரைச் சொல்கிறார். அந்தக் குறிப்போடு படம் எதுவும் இல்லை. அதனால்தான் கொல்லத்து அரசியைக் கடன் வாங்குகிறார்கள்.